பிரெஞ்ச் லீவு

“நாற்பத்தாறாம் நம்பரை உடனே இங்க வரச் சொல்லுங்க!”

மானேஜர் விக்னேஸ்வரன் போட்ட சத்தத்தில் ஞானபாக்கியத்தின் கையிலிருந்த வருகைப் பதிவேடு நழுவப் பார்த்தது.

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி அது. ஞானபாக்கியம் அங்கே வருகைப் பதிவு பார்ப்பவள். பேக்கிங் ஹாலில் மட்டும் அறுபது பெண்கள். உள்ளே நுழைகிறபோதே தலைக்குக் குல்லா, முகத்துக்கு மாஸ்க், மேலே வெள்ளைக் கோட்டு. கண் மட்டும்தான் வெளியே தெரியும். மானேஜர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவருக்கு எல்லாருமே கோட்டில் குத்திய நம்பர்தான்.

மனுஷன் தங்கமானவர். இங்கிலீஷ் பைத்தியம் மட்டும் கொஞ்சம் கூடுதல். தினமும் காலையில் போர்டில் ஒரு வார்த்தை எழுதி, அர்த்தம் சொல்லிவிட்டுத்தான் ஷிப்டையே தொடங்குவார். இந்த வாரம் எல்லாமே பிரெஞ்ச் என்று தொடங்கும் வார்த்தைகள்.

திங்கட்கிழமை, பிரெஞ்ச் ஃப்ரைஸ்.

“உருளைக்கிழங்கை நீட்டமா நறுக்கிப் பொரிக்கதுக்கு இம்புட்டுப் பேரா?” என்றாள் கேன்டீன் இருளம்மாள்.

செவ்வாய்க்கிழமை, பிரெஞ்ச் விண்டோ. தரை வரைக்கும் இறங்கும் ஜன்னல் என்று மானேஜர் விளக்கினார்.

“அப்ப கதவு எதுக்கு சார்?” என்று கேட்டது ஒரு குரல். மாஸ்க் போட்டிருந்ததால் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

புதன்கிழமை, பிரெஞ்ச் பியர்ட். அதற்கு அவர் அர்த்தமே சொல்லவில்லை. அறுபது பேரும் அவர் மோவாயிலிருந்த குறுந்தாடியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை அவர் மதுரைக்கு மீட்டிங் போய்விட்டதால் போர்டு காலி.

இன்று வெள்ளி. போர்டில் பெரிதாக எழுதி, ரெண்டு கோடும் இழுத்திருந்தார்: பிரெஞ்ச் லீவ்.

“சொல்லாமக் கொள்ளாம மட்டம் போடுறதுக்கு இங்கிலீஷ்ல இதான் பேரு! நான் ஊர்ல இல்லாத அன்னைக்குப் பார்த்து நேத்து ஒரு ஆளு போட்டிருக்கு. இது மூணாவது தடவை. மூணு மெமோன்னா வேலை கிடையாது, ரூல் ரூல்தான்.”

அந்த ஆள்தான் நாற்பத்தாறாம் நம்பர் பாண்டிசெல்வி. இவள் சம்பளத்தில்தான் தேவதானத்தில் ஒரு குடும்பமே சாப்பிடுகிறது. ஞானபாக்கியம் பதிவேட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். மானேஜர் ரூம் வாசலிலேயே அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏட்டி, காய்ச்சல்னு சொல்லிரு. மிச்சத்தை நான் பார்த்துக்கிடுதேன்.”

“பொய் சொல்ல மாட்டேன்க்கா.”

“அப்ப நிசத்தைச் சொல்லு. நேத்துக் காலையில நீ ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுனதை இருளம்மா பார்த்திருக்கா. எவனும் கூட வந்தானா?”

மாஸ்க்குக்கு மேலே ரெண்டு கண்ணும் சிரித்தன. “வந்தாரு, வந்தாரு.”

ஞானபாக்கியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையே போகப் போகிறது, கழுதைக்குச் சிரிப்பைப் பார்!

உள்ளே போனார்கள். மேஜை மேல் மெமோ டைப் அடித்துத் தயாராக இருந்தது.

“நேத்து எங்க போன?” என்றார் மானேஜர்.

“ஸ்ரீவில்லிபுத்தூருக்கு சார்.”

“எதுக்கு?”

“அதைச் சொல்ல முடியாது சார்.”

“ஏன்?”

“சொன்னா இன்னொருத்தருக்குச் சங்கடம் சார்.”

“பார்த்தீங்களா ஞானபாக்கியம்! செய்யுறதையும் செஞ்சுட்டு என்ன பேச்சு பேசுது!” மானேஜருக்கு மூக்கு சிவந்துவிட்டது. “ஒழுக்கம்னு ஒண்ணு இருக்கும்மா. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன? நான் மதுரைக்குப் போகலையா? முதலாளிகிட்டச் சொல்லிட்டுத்தான போனேன்?”

“நீங்க சொல்லிட்டுத்தான் போனீங்க சார்” என்றாள் பாண்டிசெல்வி, ரொம்பப் பணிவாக.

“சார், செத்த நேரம் பொறுங்க” என்று ஞானபாக்கியம் குறுக்கே விழுந்தாள். “கை வேகத்துல இவளை அடிக்க ஹால்ல ஆள் கிடையாது. பாவம், இந்த ஒரு தடவை…”

“பாவ புண்ணியம் பார்த்தா ஷிப்டு ஓடாது.”

மானேஜர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. தோள்பையைத் திறந்து, உள்ளே துழாவி ஒன்றை எடுத்தார். ரோஸ் கலர் பேனா. மூடியில் குட்டியாக ஒரு கரடி பொம்மை ஆடியது. இந்தத் தாடிக்கு இந்தப் பேனாவா என்று அந்தக் கவலையிலும் ஞானபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது.

பாண்டிசெல்வி அந்தப் பேனாவையே பார்த்தபடி என்னவோ முணுமுணுத்தாள்.

“என்னது? ஒண்ணும் விளங்கல. மாஸ்க்கை இறக்கிட்டுப் பேசு.”

பாண்டிசெல்வி மாஸ்க்கை இறக்கினாள்.

மானேஜர் அவள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். திரும்பவும் முகத்தைப் பார்த்தார். கரடி பொம்மை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு மெமோவை எடுத்து, நாலாகக் கிழித்து, கூடையில் போட்டார். அது மெமோவைக் கிழித்துப் போட்ட மாதிரியே இல்லை, சின்னப் பிள்ளை குப்பையை ஒளிக்கிற மாதிரி இருந்தது.

“என்னாச்சு சார்?” ஞானபாக்கியத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேலை தப்பித்தது என்பது மட்டும் புரிந்தது. சந்தோஷத்தில் பாண்டிசெல்வியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

மானேஜர் தாடியைத் தடவிக்கொண்டே பேனாவை நீட்டினார்.

பாண்டிசெல்வி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“நேத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ல நான் குடுத்ததுதான, நீங்களே வச்சுக்கோங்க சார். நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் பத்தாங்கிளாஸ் கணக்குப் பரிட்சை இருக்குல்லா, எனக்கு நான் வேற கொண்டு வாரேன்.”