டார்ச் பார்த்த படம்

துவரம்பருப்பு டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு பயந்து பயந்தே வாழ்ந்தது. வீட்டுக்கார அம்மாள் சேர்த்த பணமெல்லாம் கைப்பேசியிலுள்ள கிரிப்டோ வாலட் என்ற டிஜிட்டல் பணப்பையில் இருந்தது. தெரிந்துகொண்டால் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்துவிடக்கூடிய பன்னிரண்டு ரகசிய வார்த்தைகள் அந்தச் சீட்டில் இருந்தன. சீட்டு தொலைந்தால் என்ன செய்வதென்று அம்மாள் அதைக் கைப்பேசியிலும் படம்பிடித்து வைத்திருந்தாள்.

ஒருநாள் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த கைப்பேசி குஷியாகப் பேசியது.

“அக்கா, புதுசா டார்ச் ஆப் ஒண்ணு வந்திருக்கு. படமெல்லாம் பார்க்கலாமாண்ணேன்னு கேட்டான். பாருடான்னுட்டேன்.”

“வெளிச்சம் போட வந்தவனுக்குப் படம் எதுக்குடா?” என்று பதறியது சீட்டு.

“உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்! அடக்கமான பையன்க்கா. கல்யாணப் படத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கலை. ஒரே ஒரு படத்தை மட்டும் நிதானமா பார்த்துட்டு, வரேண்ணேன்னு கிளம்பிட்டான்.”

“எந்தப் படம்?”

“உன் படம்தான்க்கா. கையெழுத்து முத்து முத்தா இருக்காம்!”