கல்லுக்குண்டின் ரத்தம்

அண்ணனின் ரத்தத்தில் அந்த மேடு, இயந்திரத்தின் திரையில் மறுபடியும் சாம்பல் நிறத்தில்தான் எழுந்தது.

சிவப்பாக எழுந்தால் வியாதி. சாம்பல் என்றால் ஒன்றுமில்லை.

அவள் எழப் பார்த்தாள். முடியாமல் அப்படியே நாற்காலியில் சரிந்தாள். மாடிப்படி ஏறி வந்த களைப்பே இன்னும் போகவில்லை. வேலைப் பளு. இந்த ஆய்வகத்தில் யாருக்குத்தான் அலுப்பு இல்லை?

அண்ணன் வனக்காவலர். மாதக்கணக்காக மூட்டு வலி, வந்து வந்து போகும் காய்ச்சல், கட்டிலே கதி. பார்த்த டாக்டரெல்லாம் கையை விரித்தார்கள். மேலதிகாரியோ சுத்தச் சோம்பேறித்தனம் என்று எழுதியே அனுப்பிவிட்டார்.

நாளை காலை மருத்துவக் குழு கூடுகிறது. வியாதிதான் என்று காட்ட முடியாவிட்டால் வேலை போய்விடும். மருந்தும் கிடைக்காது.

உண்ணி கடித்து உள்ளே இறக்கிவிடும் கிருமி லேசில் கையில் சிக்காது. பதுங்கிக்கொள்ளும். ஆனால் அதன் புரதம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசியும். அதைத் துண்டு துண்டாக நறுக்கி எடை போடுவதுதான் இந்த இயந்திரத்தின் வேலை. கிருமியின் துண்டு அகப்பட்டால் திரையில் மேடு எழும்.

எது கிருமி, எது வெறும் குப்பை? அதைச் சொல்லத்தான் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம். அதிலும் தென்படுகிற மேட்டையெல்லாம் கணினி தானாகவே சாம்பல் பூசி ஒதுக்கிவிடும்.

அந்த ரத்தத்துக்கு ஆள் பிடித்த கதை ஆய்வகம் முழுக்கப் பிரசித்தம். ஆய்வகத் தலைவர் சாருக்குச் சர்க்கரை. கணக்காளருக்கு ரத்த அழுத்தம். தரை துடைக்கிற அக்கா ஊசியைப் பார்த்ததுமே மயக்கம் போட்டார். தும்மல்கூடப் போடாத ஒரே ஓர் ஆள் மிஞ்சியது. அந்த ரத்தத்தைச் சிறு குழாய்களில் ஊற்றி உறையவைத்தபோது, சார்தான் ‘கல்லுக்குண்டு’ என்று பெயர் வைத்தார்.

அன்றிலிருந்து வந்த நோயாளி அத்தனை பேரும் கல்லுக்குண்டின் பக்கத்தில்தான் நிறுத்தப்பட்டார்கள்.

சார் வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

“கல்லுக்குண்டுலயும் அதே மேடு இருக்கேம்மா. அப்ப அது குப்பைதான். உன் அண்ணன்கிறதுக்காகக் குப்பை கிருமி ஆயிடாது.”

கடிந்து சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அண்ணி காலையிலிருந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னவென்று எடுத்துப் பேசுவது?

இதுவரை யாரும் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். சாம்பல் பூச்சை நீக்கிவிட்டு அடியில் என்ன இருக்கிறதென்று பார்த்தாள்.

ஒவ்வொரு ரத்தத்துக்கும் நடுவில் இயந்திரத்தைக் கழுவ வெறும் தண்ணீர் விடுவது வழக்கம். குப்பை என்றால் அந்தத் தண்ணீரிலும் மேடு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனித ரத்தத்தில் இயல்பாக இருப்பது என்றால் எல்லா நோயாளிகளிடமும் இருக்க வேண்டும். பாதிப் பேரிடம் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வேறோர் ஆரோக்கியமான ரத்தம் வேண்டும்.

கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று கீழே இறங்கிப் போனாள். ரத்தப் பெட்டிகளைக் கொண்டுவரும் வண்டி ஓட்டுநரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். தன் உடம்பில் ஓடுவது முக்கால்வாசி டீதான், பரவாயில்லையா என்று கேட்டுக்கொண்டே அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

மாலையில் முடிவு வந்தது.

ஓட்டுநரின் ரத்தத்தில் அந்த இடம் துடைத்துவிட்டாற்போல் தட்டையாகக் கிடந்தது.

கல்லுக்குண்டைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஓட்டுநரை வைத்தாள்.

அண்ணனின் மேடு சிவந்தது.

சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. கீழே ஒன்றன்பின் ஒன்றாக மேடுகள் சிவந்துகொண்டே வந்தன. ‘ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்’ என்று இவர்களே அனுப்பிவைத்தவர்கள்.

எல்லாருக்கும் மேலே, கல்லுக்குண்டும் சிவப்பாக நின்றது.

பின்னால் வந்து நின்ற சார் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, மற்றவர்களுக்கெல்லாம் தானே போன் போட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

அவள் அண்ணியை அழைத்தாள். கிருமிதான், குழுவுக்கு இதைக் காட்டினால் போதும் என்றாள். அண்ணி அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். நாளை டாக்டரிடம் போகும்போது தானும் வருவதாகச் சொன்னாள். வேலையைப் போட்டுவிட்டு நீ எதற்குத் துணைக்கு என்று அண்ணி தடுத்தார்.

“துணைக்கு இல்ல அண்ணி. லீவுக்கு வந்தப்போ அண்ணன்கூட நானும் காடெல்லாம் சுத்தினேன்ல? எனக்கும் மருந்து வேணும்.”