தாளில் இல்லாத விம்மல்

இசைத்தாளின் அந்தப் பக்கத்தை வேண்டுமென்றே திருப்பாமல் நின்றாளா, கை மரத்துப்போய் நின்றாளா என்பது இன்று அவளுக்கே நிச்சயமில்லை. நினைவு அவளுக்குச் சாதகமாக எதையாவது சேர்த்திருக்கலாம்.

மேடையில் நின்றது மட்டும் நிஜம்.

வேப்பேரியில் ஒரு பள்ளி மண்டபம். நடுவில் அவள் கணவன், கிளாரினெட்டோடு. பின்னால் பியானோவில் ரோவினா. அவளுக்குப் பக்கம் திருப்ப வேண்டிய பெண் அன்று வரவில்லை. சர்ச் கொயரில் பாடுகிறவள், இசைத்தாள் படிக்கத் தெரியும் என்று இவளைக் கூப்பிட்டார்கள்.

உடனே ஒப்புக்கொண்டாள். இருவரையும் கவனிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அன்று வாசித்தவை எல்லாம் யூத இசையமைப்பாளர்கள் கிளாரினெட்டுக்கு எழுதியவை. ஒருவர் நாட்டைவிட்டுத் தப்பி ஓடியவர். இன்னொருவர் தப்ப முடியாமல் போனவர்.

சினிமா ரெக்கார்டிங்கிலேயே ஆயுளைக் கழித்த மனிதன் திடீரென்று இவர்களைப் பிடித்துக்கொண்டது ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ரோவினா வீட்டில்தான் ஒத்திகை. திரும்பி வரும்போது முகம் கழுவியிருப்பான். நெற்றி முடி ஈரமாக இருக்கும். சட்டையில் யூகலிப்டஸ் தைல வாசனை. அவர்கள் வீட்டில் அந்தத் தைலம் கிடையாது.

அவள் கேட்கவில்லை. முகர்ந்தாள்.

வீட்டில் வாசிக்கும்போது நீண்ட ஸ்வரம் ஒன்று நடுவில் அறுந்து, விம்மிவிட்டுத் தொடரும். நேற்று ஓர் இடத்தில். இன்று வேறோர் இடத்தில்.

"தாள்ல அப்படி ஒண்ணும் போடலையே."

"எழுத மாட்டாங்க. யூதங்க பாட்டுல அது தானா வரணும்," என்றான். "உங்க கொயர்ல கஞ்சி போட்ட மாதிரி வெறப்பா நின்னு பாடுவீங்க. உனக்கு இது புரியாது."

சிரித்தான். கண்ணைப் பார்க்காமல் சிரித்தான்.

மேடையில் கடைசிப் பாட்டு வந்தது. தப்ப முடியாமல் போனவருடையது.

ரோவினா தாளை அதிகம் பார்க்கவில்லை. அவன் முதுகையே பார்த்தாள். தோள் உயர்ந்தால் அவள் விரல்கள் காத்திருந்தன. தோள் இறங்கியதும் நகர்ந்தன.

கட்டியவளுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த முதுகில் ரோவினாவுக்குத் தெரிந்தது.

ஸ்வரம் அறுந்தது. விம்மியது.

முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார்.

ரோவினாவின் இடது கை, தாளில் இல்லாத ஒரு ஸ்வரத்தைப் போட்டு அந்த இடைவெளியை மூடியது.

பக்கம் திருப்ப இவள் குனிந்தபோது ரோவினா உதடு அசையாமல் முணுமுணுத்தாள்.

"இன்னும் ரெண்டு பக்கந்தான்க்கா. அண்ணனுக்கு மூச்சு தாங்கிடும்."

அப்போதுதான் அவன் கழுத்தைப் பார்த்தாள். நரம்பு புடைத்திருந்தது. காலர் நனைந்திருந்தது.

ஈர நெற்றி. தைலம். ஆவி பிடித்த முகம்.

ஒருவர் எழுதிவைத்துப் போன துக்கத்துக்குள் தன் மூச்சிரைப்பை ஒளித்து வைத்திருந்தான்.

அடுத்த பக்கத்தின் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தின் கடைசி வரி முடிந்தது.

அவள் திருப்பவில்லை.

பியானோ நின்றது. அவன் கருவியை உதட்டிலிருந்து எடுத்தான். மண்டபத்தில் ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை.

அவன் தோள் உயர்ந்து இறங்கியது.

இன்னொரு முறை.

பிறகு திருப்பினாள்.

வெளியே வந்தவர்கள் அந்த மௌனத்தைத்தான் புகழ்ந்தார்கள். எழுதியவரின் மேதைமை என்றார் ஒருவர்.

அதற்குப் பின் அவன் மேடை ஏறவில்லை. நுரையீரல் இரண்டு வருடம் பொறுத்தது. கிளாரினெட்டை அவன் தம்பி எடுத்துப் போனார். ரோவினா கல்யாணமாகிப் பெங்களூர் போனாள், கிறிஸ்துமஸுக்குப் போன் செய்கிறாள். இவள் இன்னும் கொயரில் பாடுகிறாள்.

ரோவினாவிடம் ஏன் முதலில் சொன்னாய் என்று அவனிடம் அவள் கடைசிவரை கேட்கவில்லை.