அப்பா முன்னால் மட்டும்

"எத்தினி வாரம் ஆச்சு எஸ்தர்? இன்னமும் தலைகிட்ட கொண்டுபோனாலே பிடுங்கி எறியறா. வூட்டுக்கும் ஒண்ணு குடுத்து அனுப்பினேனே, பழக்கறீங்களா இல்லியா?"

பயிற்சி மையத்தின் தெரபிஸ்ட் நிர்மலா கேட்டபோது, காதை முழுக்க மூடும் அந்த ஹெட்போன் தரையில் கிடந்தது. ஏழு வயது அனிட்டா அறையின் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தாள்.

ஆட்டிசம் உள்ள குழந்தை. வெளியே, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் போதும், துடித்துப் போய்விடுவாள். மெல்லிய இசையைக் கேட்க வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்துக்குப் பழக்கலாம் என்பது நிர்மலாவின் திட்டம்.

இசை வரைக்கும் போனால்தானே! முதலில் அந்தச் சனியனைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டுமே. பொம்மைக்கு மாட்டிக் காட்டியாயிற்று. குழந்தையின் மடியில் வைத்து, தோளில் வைத்துப் பார்த்தாயிற்று. தானே மாட்டிக்கொண்டு கோமாளி மாதிரி இளித்தும் காட்டியாயிற்று. கடலை மிட்டாய் தீர்ந்ததுதான் மிச்சம்.

"பழக்கறேன் மேடம். நான் எடுத்துக்கினு போனாலே ஓடிப் போயிடறா" என்றாள் எஸ்தர், தலையை நிமிர்த்தாமல்.

"உங்க வூட்டுக்காரரு வேற மாதிரி சொல்றாரே. நான் பாக்கும்போதெல்லாம் மாட்டிக்கினுதான் இருக்கான்றாரு."

எஸ்தர் மகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். எப்போதும் இப்படித்தான். உம்மணாமூஞ்சி.

நிர்மலாவுக்கு எஸ்தரின் கணவர் எட்வினை நினைத்தால் பாவமாக இருக்கும். பள்ளிக்கூட வாத்தியார். வாராவாரம் லீவு போட்டு, வடக்கனந்தலிலிருந்து பைக்கில் இரண்டு பேரையும் கூட்டி வருவார். படிக்கட்டு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, கீழே டீக்கடையில் பொறுமையாகக் காத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவராம். மைக் தேவைப்படாத குரல். பிள்ளைக்கு இப்படி என்று தெரிந்ததும் குடும்பத்தை விட்டே ஓடிப்போன அப்பாக்களை நிர்மலா பார்த்திருக்கிறாள். இது தங்கமான மனுஷன். பெண்டாட்டி வாய்த்ததுதான் சரியில்லை.

"பட்டுனு சொல்லிடறேன் எஸ்தர். இன்னிக்கும் மாட்டிக்கலன்னா இந்த எடத்த வேற புள்ளைக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க. காத்துக்கினு இருக்கறவங்க ஜாஸ்தி."

எஸ்தரின் முகம் வெளுத்தது.

"அப்டி சொல்லாதீங்க மேடம். இங்க வர்ற அன்னிக்குத்தான் அவ கொஞ்சமாவது சிரிக்கறா."

"அப்ப உங்க வூட்டுக்காரரக் கூப்புடுங்க. அவரு எப்டிப் பழக்கறாருன்னு பாப்போம்."

"அவரு எதுக்கு மேடம்? நானே இன்னொரு தரம் பாக்கறேனே."

நிர்மலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டிக்காரத்தனம் இல்லாவிட்டாலும் கௌரவத்துக்குக் குறைச்சல் இல்லை. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி எட்வினைத் தானே மேலே அழைத்தாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஆடிக்கொண்டிருந்த அனிட்டா சட்டென்று நின்றாள். தவழ்ந்து வந்து, தரையில் கிடந்த ஹெட்போனை எடுத்தாள். தானாகவே தலையில் மாட்டி, இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"வணக்கம் மேடம். கூப்ட்டீங்களா?" எட்வின் வாசலில் நின்று கும்பிட்டார்.

நிர்மலா கைதட்டாத குறை. "இங்க பாருங்க சார்! நீங்க வர்றீங்கன்னதும் மாட்டிக்கினா!"

எட்வின் கூச்சத்தோடு சிரித்தார். "அன்பா சொன்னா புள்ளைங்க கேக்கும்ங்க. இவங்க அம்மாவுக்குப் பொறுமை கம்மி, அதான்."

"கேட்டுக்கினீங்களா எஸ்தர்? அவருகிட்ட கத்துக்குங்க."

எஸ்தர் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

எட்வினின் போன் அடித்தது. "ஸ்கூல்லேர்ந்து. ஒரு நிமிஷங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

நிர்மலாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இத்தனை வாரக் காத்திருப்பு. இனி இசையைப் போடலாம். பிளேயர் பக்கம் திரும்பி ஸ்விட்சைத் தட்டப் போனவள், குழந்தையைப் பார்த்தாள்.

ஹெட்போன் மறுபடியும் தரையில் கிடந்தது. அனிட்டா மூலைக்குப் போய் ஆட ஆரம்பித்திருந்தாள்.

"இன்னாங்க இது? அவரு அந்தாண்ட போனதும் கழட்டிட்டா?"

எஸ்தர் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"வூட்லயும் அப்டித்தான் மேடம். அவரு வண்டி வந்து நின்னாப் போதும், எங்க இருந்தாலும் தேடி எடுத்து மாட்டிக்கினு கட்டிலுக்கு அடியில பூந்துக்குவா. அவரு என்னத் திட்டிக் கத்தி ஓயற வரிக்கும் வெளிய வர மாட்டா."

நிர்மலாவின் கை ஸ்விட்சிலேயே நின்றது. இத்தனை நாளும் யாரைப் போய்த் திட்டினோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கீழே எட்வின் யாரிடமோ "சொல்லுங்க சார், சொல்லுங்க" என்று கனிவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

எஸ்தர் குனிந்து ஹெட்போனை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். மேஜையில் வைக்க மனம் வராமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். எனக்கும் இதுமாதிரி ஒண்ணு கெடைக்குமா?"