சம்பந்தி வீட்டு ஸ்பீக்கர்

"எங்க வீட்டு ஸ்பீக்கர் ஜோடி ஒரு கார் விலை, சம்பந்தி. உங்க வீட்டுக்கும் வாங்கித் தரட்டுமா?" என்றார் மகளைப் பார்க்க வந்தவர்.

மகளின் மாமனார் முதுகை நிமிர்த்திக்கொண்டார். பெண் எடுத்த இடத்தில் ஒரு குண்டூசிகூட வாங்காத குடும்பம் அது.

"எதுக்கு? எங்ககிட்டயே இருக்கு. கேக்கறீங்களா?" என்றவர், உள்ளறைப் பக்கம் திரும்பி, "பாட்டு ஆகட்டும்!" என்று குரல் கொடுத்தார்.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது. வந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடடா! மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குதே! என்னோடது இதுகிட்ட நிக்காது. பாடறது யாரு? எங்கேயும் கேட்டதில்லையே!"

அப்போது பாட்டு நின்று ஒரு தும்மல் கேட்டது.

"ஸ்பீக்கர் தும்முமா, சம்பந்தி?"

"எங்க வீட்டு ஸ்பீக்கர் தும்மும்" என்றார் மாமனார், அசையாமல்.

கதவு திறந்தது. மூக்கைத் துடைத்தபடி மருமகள் வந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க மாமா, ஒரே தூசி. நல்லா இருந்துதாப்பா?"

வந்தவர் எழுந்தே விட்டார். "நீயா? நம்ம வீட்ல ஒரு நாள்கூடப் பாடினதில்லையே!"

"வாயைத் திறந்தாலே, 'சத்தம் போடாதே, ஸ்பீக்கர்ல பாட்டு ஓடுது'ன்னு அதட்டுவீங்களேப்பா!"