பதினாறு கண்ணி

கோத்தகிரியில் பேருந்து ஓட்டும் ஞானதாஸுக்கு ஓய்வு என்றால் ஸ்வெட்டர் பின்னுவதுதான். அவர் படிக்கும் இணையப் பின்னல் பத்திரிகை, யாருக்காகப் பின்னுகிறோமோ அவர் உடுத்தியிருக்கும் துணியிடமே உடலளவைக் கேட்டு, ஊசியில் எத்தனை கண்ணி போட வேண்டும் என்று மாதாமாதம் சொல்லிவிடும். நார்வேயில் வேலை பார்க்கும் மகள் எப்சிபாவுக்கு அவர் பின்னத் தொடங்கியபோது நூற்றுப் பன்னிரண்டு கண்ணி. மூன்றாம் மாதம் தொண்ணூற்றாறு என்றது.

அன்று மாலையே மகளை அழைத்தார்.

"ஒழுங்கா சாப்பிடுறியாம்மா?"

"நல்லா சாப்பிடுறேன்ப்பா."

"பதினாறு கண்ணி குறைஞ்சிருக்கே."

"அங்க உக்காந்து என்னை அளந்துட்டிருக்கீங்களா?" என்று சீறியவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அடுத்த இதழில், 'எப்சிபா அளவு தர மறுத்துவிட்டார். பொது அளவில் பின்னலாமா?' என்று இருந்தது. ஞானதாஸ் 'வேண்டாம்' என்பதை அழுத்தினார். இரண்டு வாரம் ஊசியையே தொடவில்லை. ஒரு ஞாயிறு, கோயிலிலிருந்து வந்ததும் மறுபடி அழைத்தார்.

"தப்புதாம்மா. உன்கிட்டதான் கேட்டிருக்கணும். நீயே அளந்து சொல்லு. இஷ்டமில்லன்னா விட்டுடு."

மறுமுனையில் இழுப்பறை திறக்கும் ஓசை கேட்டது.

"சுத்தளவு எழுபத்திநாலு சென்டிமீட்டர்ப்பா," என்றாள். "ஒரு வாய்கூட இறங்க மாட்டேங்குது. தனியா இருக்க முடியலப்பா."

ஞானதாஸ் அந்த அளவைக் குறித்துக்கொள்ளவில்லை.

"அப்பா வரட்டுமா?"

"வாங்கப்பா. ஸ்வெட்டர் முடியட்டும்னு காத்திருக்காதீங்க."