தனித் தட்டு

"ஏய், அதைத் தொடாதே! அது அவருக்குன்னு தனியா வச்சது!"

தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டிய மகளை வாத்தியார் மனைவி அதட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த பட்டாசுக்குச் சுருக்கென்றது.

பட்டாசு என்பது வீட்டில் அவனுக்கு வைத்த பெயர். தொட்டால் வெடிப்பான். கடல் தாண்டிப் படிக்க வந்தும் அந்தக் குணம் மட்டும் போகவில்லை. அவன் ஆராய்ச்சிக்கு இந்த வெள்ளைக்கார வாத்தியார்தான் வழிகாட்டி. அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் கிடையாது. முதல் தடவையாக வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாரே என்று, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பூங்கொத்தும் கையுமாக வந்திருந்தான்.

வந்த இடத்தில் இந்த மரியாதை!

அப்புறம்தான் கவனித்தான். எல்லோருக்கும் நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டு. அவனுக்கு மட்டும் வெறும் வெள்ளைத் தட்டு. கரண்டி தனி, கிண்ணம் தனி. சாப்பிட்டு முடித்ததும் வாத்தியார் மனைவி அவன் தட்டை மட்டும் எடுத்துப் போய், வேறு பஞ்சால் தேய்த்து, வேறு அலமாரியில் வைத்தாள்.

அடப்பாவிகளா! படித்தவர்கள் வீட்டிலேயே இந்தக் கூத்தா?

தோட்டத்துப் பக்கம் போய் அம்மாவுக்குப் போன் போட்டான்.

"தனித் தட்டா? என் பிள்ளைக்கா?" அம்மா அந்தப் பக்கம் குதியாய்க் குதித்தாள். "நம்மளை என்னன்னு நினைச்சாங்க? மனுஷனுக்கு மனுஷன் இப்படியா பார்ப்பாங்க? இருடா, வேலைக்காரி வந்திருக்கா... ஏய், அந்தக் குக்கரை நல்லா அழுத்தித் தேய்! ம், நீ சொல்லு."

"மூஞ்சிக்கு நேரா கேட்டுடவாம்மா? கேட்டா என் படிப்பு போயிடும்."

"போனா போகட்டும்! மானத்தை விட்டுட்டு என்னடா படிப்பு? போய்க் கேளு. போனை வைக்காதே, நானும் கூடவே இருக்கேன்."

உள்ளே வந்து ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேஜைமேல் டொக்கென்று வைத்தான்.

"சார், என் தட்டு உங்க தட்டோட சேர்ந்தா ஒட்டிக்குமா? அவமானப்படுத்தத்தான் கூப்பிட்டீங்களா? நீங்களும் வேணாம், உங்க கையெழுத்தும் வேணாம்!"

வாத்தியாருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் மனைவிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ஐயோ தம்பி! நீங்க இறைச்சி தொட மாட்டீங்க, அது பட்ட பாத்திரம்கூட உங்களுக்கு ஆகாதுன்னு இவர் சொன்னார். எங்க வீட்டுல இருக்கிறது எல்லாமே இறைச்சி புழங்கினது. அதான் கடைக்குப் போய் எல்லாம் புதுசா வாங்கினேன். இவ கறி தொட்ட கையோட உங்க டம்ளரை எடுக்க வந்தா, அதட்டினேன். நீங்க அடிக்கடி வரணும்னுதான் அலமாரியில ஒரு அடுக்கையே காலி பண்ணி வச்சிருக்கேன்."

பட்டாசு நமுத்துப் போனான். என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று தலை தானாகக் குனிந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், மேஜைமேல் இருந்த போன் கத்தியது.

"ஏய், அதைத் தொடாதே! தண்ணி வேணும்னா பின்னாடி குழாய்கிட்ட உனக்குன்னு தனி டம்ளர் வச்சிருக்கேன்ல? எத்தனை தடவைடி சொல்றது!"

அவசரமாகப் போனை அணைத்தான்.

"அம்மா ரொம்பக் கோபமா இருக்காங்களா?" தமிழ் தெரியாத வாத்தியார் மனைவி பயந்துபோய்க் கேட்டாள். "என்ன சொல்றாங்க?"

வாயில் பொய் ஒன்றும் வந்து தொலையவில்லை. "வீட்டுக்கு வர்ற ஒருத்தங்களுக்கு... தனியா டம்ளர் வச்சிருக்காங்களாம்," என்று முனகினான்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பார்த்தீங்களா! உங்க அம்மாவுக்கும் என்னை மாதிரியே மனசு!"